கிரந்தி என்று சொல்லிப் பிள்ளையின் தட்டை வெறுமையாக்க வேண்டாம்



பதிவு நீளமானது. வீட்டில் சின்னப் பிள்ளை இருப்பவர்கள், தரம் 1க்குப் பிள்ளையைச் சேர்க்கப் போகிறவர்கள் ஆறுதலாக வாசியுங்கள். உம்மம்மாமார், மாமிமாருக்கும் வாசித்துக் காட்டுங்கள். பிள்ளைக்கு எதைக் கொடுப்பது, எதை நிறுத்துவது என்று வீட்டில் தீர்ப்புச் சொல்பவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான்.

ஆரம்பப் பிரிவில் படிப்பிக்கும் எங்களுக்கு ஒவ்வொரு வருடமும் வகுப்புக்கு ஒன்றிரண்டு பேராவது இப்படி வருவார்கள். முழங்கை மடிப்பு, முழங்காலின் பின்பக்கம், கழுத்து எல்லாம் கறுத்துத் தடித்து வெடித்திருக்கும். ஒரு கை எழுதிக்கொண்டிருக்க, மற்றக் கை சொறிந்துகொண்டிருக்கும். மூன்றாம் பாடவேளைக்குள் தலை மேசையில் சாய்ந்துவிடும். இரவு முழுக்கச் சொறிந்ததில் பிள்ளை தூங்கியிருக்காது, அல்லது தூங்கட்டும் என்று கொடுத்த பிரிட்டனின் மயக்கம் காலையிலும் தெளிந்திருக்காது. இடைவேளைக்குச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தால் வெறும் சோறும் பருப்பும், இல்லாவிட்டால் நாலு பிஸ்கட். கேட்டால் உம்மாவின் பதில் ஒன்றுதான்: "புள்ளைக்குக் கிரந்தி டீச்சர். மீன், முட்டை, இறால் ஒண்டும் குடுக்கிறல்ல."

இதே ஊரில் இன்னொரு வகைப் பிள்ளையும் உண்டு. கஜு தின்றால் உதடு வீங்கும், இருமி இருமி மூச்சு வாங்கும். கலியாண வீட்டில் உம்மா, "இவருக்கு வட்டிலப்பம் வைக்க வேணாம்" என்று சொல்வார். உடனே ஒரு சாச்சி, "கொஞ்சம் திண்டா ஒண்டும் ஆகாது, பழகினாத்தான் சரி வரும்" என்று கரண்டியோடு வருவார்.

ஆக, இல்லாத ஒவ்வாமையை ஊரே நம்புகிறது. உண்மையில் இருக்கும் ஒவ்வாமையை ஊர் நம்ப மறுக்கிறது. இதைத்தான் இந்தப் பதிவில் பேச நினைக்கிறோம். நாங்கள் வைத்தியர்கள் அல்ல. எழுதுவது வாசித்ததும், கிளினிக்கில் சொல்லிக் கேட்டதும், வருடக்கணக்காக வகுப்பில் பார்த்ததும்தான். கொமண்ட்டில் போட்டோ போட்டு மருந்துப் பெயர் கேட்க வேண்டாம், எங்களால் சொல்ல முடியாது.

முதலில் கரப்பன். ஆங்கில மருத்துவத்தில் எக்ஸிமா என்பார்கள். இதன் அடிப்படை வயிற்றில் அல்ல, தோலில்தான். நமது தோல் ஒரு மதில் மாதிரி. கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் சாந்து சரியாக இருந்தால் உள்ளிருக்கும் ஈரம் வெளியே போகாது, வெளியிலிருக்கும் அழுக்கும் கிருமியும் உள்ளே வராது. கரப்பன் உள்ள பிள்ளைக்கு அந்தச் சாந்து பலவீனம். தோல் காய்கிறது, கடிக்கிறது, சொறிகிறது. சொறியச் சொறிய மதில் இன்னும் உடைகிறது. 2006ஆம் ஆண்டு ஸ்கொட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஃபிலாக்ரின் என்ற தோல் புரதத்தை உண்டாக்கும் மரபணுவிலுள்ள குறைபாட்டுக்கும் கரப்பனுக்கும் உள்ள தொடர்பைக் கண்டுபிடித்தார்கள். எல்லாப் பிள்ளைக்கும் இதுதான் காரணம் என்றில்லை. ஆனாலும் பிள்ளை பிறக்கும்போதே கொண்டுவந்த தோல் அது என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்? வாப்பாவுக்குச் சின்ன வயதில் ஆஸ்துமா, மாமாவுக்குக் காலையில் எழும்பினால் தும்மல், பிள்ளைக்குக் கரப்பன். மூன்றும் ஒரே குடும்பத்துச் சொத்து.

இதைச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. எத்தனை வீட்டில் அந்த உம்மாவைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியிருக்கிறார்கள்! "வகுத்தில இரிக்கிற நேரம் நண்டு திண்டவ", "அன்னாசி திண்டவ" என்று மாமி வீட்டில் ஒரு வழக்கே நடக்கும். பிள்ளை பிறந்த பிறகு பால் கொடுக்கும் தாய்க்கும் பத்தியம், மீன் இல்லை, முட்டை இல்லை. இரவு முழுக்கப் பிள்ளையோடு விழித்திருப்பவளும் அவள், பழியைச் சுமப்பவளும் அவள், பட்டினி கிடப்பவளும் அவள். கர்ப்பத்தில் நண்டு சாப்பிட்டதால் கரப்பன் வராது. இதை வாசிக்கும் வாப்பாமார் தங்கள் வீட்டில் வாய் திறந்து சொல்ல வேண்டியது இது.

இனிக் கிரந்திச் சாப்பாட்டுக் கதை. கத்தரிக்காய், தக்காளி, அன்னாசி, இறால், நண்டு, சூரை மீன், முட்டை, மாட்டிறைச்சி என்று அந்தப் பட்டியல் வீட்டுக்கு வீடு நீளும். மூத்தவர்கள் அனுபவத்தில் சொன்னதை நாம் கேலி செய்யவில்லை. அதில் சில அவதானங்கள் சரியானவை. தக்காளியும் அன்னாசியும் புளிப்புச் சாறால் வாயைச் சுற்றியுள்ள தோலைச் சிவக்க வைக்கும். பாதிக்கப்பட்ட தோலில் பட்டால் எரியும். ஆனால் அது ஒவ்வாமை அல்ல. சாப்பிடுமுன் வாயைச் சுற்றிக் கொஞ்சம் வெசலின் பூசினாலே பெரும்பாலும் போதும்.

சூரை மீன் விஷயம் இன்னும் சுவாரஸ்யமானது. கடலோரத்தில் வாழும் நமக்கு இது கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். சூரை, கெலவல்லா போன்ற மீன்களைப் பிடித்தவுடன் ஐஸில் வைக்காமல் வெயிலில் விட்டால் அவற்றின் தசையில் ஹிஸ்டமின் என்ற பொருள் பெருகும். பொரித்தாலும் அவித்தாலும் அது அழியாது. அந்த மீனைச் சாப்பிட்டவருக்கு முகம் சிவக்கும், உடம்பு தடிக்கும், தலை இடிக்கும். பார்த்தால் அசல் அலர்ஜி மாதிரியே இருக்கும். உண்மையில் அது கெட்ட மீன் செய்த வேலை. அன்றைக்கு வீட்டில் இரண்டு மூன்று பேருக்கு ஒன்றாக வந்திருந்தால் மீனைத்தான் சந்தேகிக்க வேண்டும். ஒரு நாள் பழைய சூரை தின்று தடித்த பிள்ளைக்கு அன்றிலிருந்து ஐந்து வருடம் நெத்தலிகூட இல்லை என்ற வீடுகள் உண்டு. கடல் முன்னால், பிள்ளைக்கு மீன் இல்லை!

உண்மையான உணவு ஒவ்வாமை அநேகமாகக் கடிகாரத்தோடு வரும். சாப்பிட்டுச் சில நிமிடங்களில், கூடினால் இரண்டு மணித்தியாலத்துக்குள் உடம்பு தடிக்கும், உதடோ கண்ணோ வீங்கும், வாந்தி எடுக்கும், மூச்சு இழுக்கும். அதே சாப்பாட்டை அடுத்த முறை கொடுத்தாலும் அதே கதைதான். கரப்பனோ வேறு மாதிரி. வியர்வைக்கு, வெயிலுக்கு, சவர்க்காரத்துக்கு, தடிமன் காய்ச்சலுக்கு, சும்மாவும்கூடக் கூடிக் குறையும். கூடிய அன்று பிள்ளை என்ன தின்றது என்று தேடினால் எதையாவது கண்டுபிடிக்கலாம்தான், தினமும் ஏதாவது தின்கிறதே! அப்படித்தான் பட்டியல் நீளுகிறது. கடுமையான கரப்பன் உள்ள கைக்குழந்தைகளில் சிலருக்கு முட்டையோ பசுப்பாலோ நிஜமாகவே ஒத்துக்கொள்ளாது, அதை மறுக்கவில்லை. அதைத் தீர்மானிக்க வேண்டியவர் பிள்ளை வைத்தியர். பக்கத்து வீட்டார் அல்ல.

முட்டையையும் மீனையும் பாலையும் இறைச்சியையும் நிறுத்திய பிள்ளைக்கு மிச்சம் என்ன? சோறும் மாவும். 2022 நெருக்கடிக்குப் பிறகு எத்தனையோ வீடுகளில் பிள்ளைக்குக் கிடைக்கும் ஒரே நல்ல புரதம் முட்டையாக இருக்கிறது. அதையும் கிரந்தி என்று எடுத்துவிடுகிறோம். கிளினிக்கில் தந்த பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டை எடுத்துப் பாருங்கள். பத்தியம் தொடங்கிய மாதத்திலிருந்து நிறைக்கோடு மட்டமாகப் போகிறதா? அப்படியானால் உடனே மிட்வைபிடம் காட்டுங்கள்.

இன்னொன்றும் உண்டு. ஒவ்வாமை வந்துவிடும் என்று பயந்து சாப்பாட்டைப் பிந்திக் கொடுப்பதே ஒவ்வாமையைக் கொண்டுவரலாம். 2015இல் லண்டனில் பேராசிரியர் கிடியன் லக் குழுவினர் வெளியிட்ட ஆய்வு மிகப் பிரபலமானது. கடும் கரப்பனோ முட்டை ஒவ்வாமையோ உள்ள 640 குழந்தைகளை, 4 மாதத்துக்கும் 11 மாதத்துக்கும் இடைப்பட்ட வயதில் எடுத்தார்கள். பாதிப் பேருக்குக் கச்சான் சேர்ந்த உணவைத் தொடர்ந்து கொடுத்தார்கள், மற்றப் பாதிக்கு ஐந்து வயது வரை கச்சானைக் காட்டவே இல்லை. கொடுத்த பக்கத்தில் கச்சான் ஒவ்வாமை ஏறத்தாழ 80 வீதம் குறைவு. அதே பேராசிரியர் சொல்லும் விளக்கம் எளிமையானது: உணவு வாய் வழியாக முதலில் வந்தால் உடம்பு அதை விருந்தாளியாக எடுக்கிறது, வெடித்த தோல் வழியாக வந்தால் எதிரியாக எடுக்கிறது. ஆகவே தோலை மூடுங்கள், வாயைத் திறவுங்கள். நமது நாட்டில் ஆறு மாதத்துக்குப் பிறகு மேலதிக உணவு தொடங்கச் சொல்கிறார்கள். அதில் முட்டையையும் மீனையும் தள்ளிப்போடத் தேவையில்லை. கடும் கரப்பன் உள்ள குழந்தை என்றால் மட்டும் கச்சானையும் முட்டையையும் தொடங்குமுன் வைத்தியரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். கச்சானை முழுசாகக் கொடுத்துவிட வேண்டாம், தொண்டையில் அடைக்கும்.

சரி, தோலை எப்படி மூடுவது? பூச்சுத்தான். தினமும், இரண்டு மூன்று தடவை, தோல் நன்றாக இருக்கும் நாளிலும். வெள்ளை பரஃபின், வெசலின் போன்ற வாசனையில்லாத எதுவும் சரி. விலை கூடியதுதான் நல்லது என்றில்லை. குளிப்பு ஐந்து பத்து நிமிடம். வாசனைச் சவர்க்காரம், கிருமிநாசினி கலந்த தண்ணீர், வேப்பிலை அரைத்துத் தேய்ப்பது வேண்டாம். துவாயால் ஒற்றி எடுத்து, ஈரம் முழுக்கக் காயுமுன் பூச வேண்டும். தேங்காயெண்ணெயைப் பற்றிப் பலர் கேட்பார்கள். மிதமான கரப்பனுக்குச் சுத்தமான தேங்காயெண்ணெய் பலன் தரும் என்று பிலிப்பைன்ஸில் பிள்ளைகளை வைத்து ஆய்வு செய்திருக்கிறார்கள். ஒலிவ் எண்ணெய் அப்படியல்ல, அது தோலின் மதிலை இன்னும் பலவீனமாக்கும். நல்ல நோக்கத்தில் பச்சைக் குழந்தைக்கு ஒலிவ் எண்ணெய் தேய்ப்பவர்கள் இதைக் கவனியுங்கள். பூசும் எது எரிந்தாலும் விட்டுவிட்டு வேறு கேளுங்கள்.

சிவந்து கொதிக்கும் இடத்துக்கு வைத்தியர் ஸ்டெரொயிட் கிரீம் எழுதுவார். இங்கேயும் ஊர் இரண்டாகப் பிரிகிறது. ஒரு பகுதி ஸ்டெரொயிட் என்ற பெயரைக் கேட்டவுடன் கிரீமைக் குப்பையில் போடும். மற்றப் பகுதி பாமசிக்குப் போய், "அந்தச் சொறிக்குப் பூசிற கிரீம் ஒண்டு தாங்க" என்று வாங்கி மாதக்கணக்காக முகத்தில் பூசும். முதல் பகுதிக்குச் சொல்வது: வைத்தியர் சொன்ன வலிமையில், சொன்ன இடத்தில், சொன்ன நாட்களுக்குப் பூசினால் பயப்பட ஒன்றுமில்லை. பூசாமல் விட்டுச் சொறிந்து புண்ணாக்குவதுதான் ஆபத்து. அளவு தெரியாவிட்டால் வளர்ந்தவரின் சுட்டுவிரல் நுனியிலிருந்து முதல் ரேகை வரை பிதுக்குங்கள். அது வளர்ந்தவரின் இரண்டு உள்ளங்கை அகலத்துக்குப் போதும். இரண்டாம் பகுதிக்குச் சொல்வது: அந்தக் கிரீம்கள் பலவற்றில் மிக வலுவான ஸ்டெரொயிட்டோடு பூஞ்சண மருந்தும் அன்டிபயோட்டிக்கும் கலந்திருக்கும். ஹைட்ரோகோட்டிசோனும் குளோபெட்டசோலும் ஒரே குடும்பம்தான், ஆனால் சைக்கிளுக்கும் லொறிக்கும் உள்ள வித்தியாசம். பூசியவுடன் பளிச்சென்று மாறும், நிறுத்தியவுடன் முன்னையை விட மோசமாகத் திரும்பும். நாளடைவில் தோல் மெலியும். சுற்றித் துண்டு ஒட்டாத டப்பாவில் விற்கும் "மூலிகைக் களிம்பு" அதிசயமாகச் சுகப்படுத்தினால் உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று கேளுங்கள். ஓதிப் பார்ப்பவர்கள் ஓதுங்கள், துஆ செய்யுங்கள். அதற்காக மருந்தை நிறுத்தச் சொல்லி நமது மார்க்கத்தில் எங்கும் இல்லை.

நமது வீடுகளுக்கே உரிய சில விஷயங்கள். வெள்ளிக்கிழமையும் பெருநாளும் பிள்ளையின் கழுத்தில் அத்தர் தடவுகிறோம். கரப்பன் உள்ள பிள்ளைக்கு வேண்டாம், ஆசைக்குச் சட்டையின் வெளிப்பக்கம் ஒரு சொட்டு போதும். பெருநாளுக்கு இலையை அரைத்துப் போடும் மருதோன்றியில் பயமில்லை. கறுப்பாக, ஒரு மணித்தியாலத்தில் சிவக்கும் என்று விற்கும் கூம்புகள்தான் பயம். பலவற்றில் முடிச்சாயத்துக்குப் போடும் பி.பி.டி. என்ற இரசாயனம் கலந்திருக்கும். கை முழுக்கக் கொப்புளம் போட்டு, அதன் பிறகு வாழ்நாள் முழுக்க முடிச்சாயமே ஒத்துக்கொள்ளாமல் போனவர்கள் உண்டு. பெண் பிள்ளைகளின் சீருடைக்கும் ஸ்கார்ஃபுக்கும் பொலியஸ்டர் துணி வாங்க வேண்டாம். நமது வெக்கைக்கு மதியமாகுமுன் கழுத்து வெந்துவிடும். பருத்தி எடுங்கள். வகுப்பில் ஸ்கார்ஃபைக் கொஞ்சம் தளர்த்திவிட ஆசிரியைமார் தடுக்க மாட்டார்கள். மதரஸாவில் வுழூ செய்யும் பிள்ளை, செய்து முடித்துத் துடைத்த கையோடு பூசிக்கொள்ளட்டும். முன்னால் கட்டியாகப் பூசினால் தண்ணீர் சேருமா என்ற கேள்வியும் அதோடு இல்லாமல் போய்விடும்.

கரப்பன் தொற்றாது. இதைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டலாம் போலிருக்கிறது. "அவரோட இரிக்காத, சொறி ஒட்டிரும்" என்று வீட்டில் சொல்லி அனுப்பும் பிள்ளை வகுப்பில் அதை அப்படியே கத்திச் சொல்கிறது. தொற்றுவது சொறிசிரங்கு. அது விரலிடுக்கில் தொடங்கி, இரவில் மோசமாகக் கடித்து, வீட்டில் எல்லோரையும் சொறிய வைக்கும். அதற்கு மருந்து வேறு, குடும்பமே ஒரே நாளில் பூச வேண்டும். எது எது என்று சந்தேகமிருந்தால் காட்டிக் கேளுங்கள். ஆறு வயதுப் பிள்ளைக்குப் பட்டப்பெயர் வைக்க மட்டும் வேண்டாம்.

இனி, உண்மையான ஒவ்வாமை உள்ள பிள்ளைகள். சாச்சியின் கரண்டிக்கு வருவோம். "பழகினாச் சரி வரும்" என்பதில் ஒரு துளி உண்மை உண்டு, அதுதான் ஆபத்து. பால், முட்டை ஒவ்வாமை பெரும்பாலான பிள்ளைகளுக்கு வளர வளர மாறிவிடும். கஜு, கச்சான், இறால் பெரும்பாலும் மாறாது. மாறியதா இல்லையா என்று பார்க்கும் இடம் வைத்தியசாலை, கலியாண மண்டபம் அல்ல. வட்டிலப்பத்தில் முட்டையும் இருக்கிறது, தூவிய கஜுவும் இருக்கிறது. கஜுவை எடுத்து எறிந்துவிட்டுக் கொடுத்தால் சரி என்று நினைக்க வேண்டாம். சஹனில் ஆறு பேர் ஒன்றாகச் சாப்பிடுவது அழகான வழக்கம். ஒவ்வாமை உள்ள பிள்ளைக்குத் தனித் தட்டு வைத்தால் அந்த அழகு கெடாது. மாட்டிறைச்சி ஒவ்வாமையும் கற்பனை அல்ல, நமது நாட்டு வைத்தியர்களே பிள்ளைகளில் பார்த்துப் பதிவு செய்திருக்கிறார்கள். நோன்புக் கஞ்சியில் எலும்பு போட்டிருக்கிறதா என்று ஒரு உம்மா பள்ளிவாசல் ஆட்களிடம் கேட்டால் சிரிக்க வேண்டாம். அவ்வாறான பிள்ளைகளுக்குச் சில தடுப்பூசிகளிலும் கவனம் தேவைப்படும், ஊசி போடுமுன் சொல்லிவிடுங்கள். அதற்காக ஊசியை நிறுத்திவிட வேண்டாம்.

உதடு நாக்கு வீங்கி, குரல் அடைத்து, மூச்சு இழுத்து, திரும்பத் திரும்ப வாந்தி எடுத்து, அல்லது திடீரென்று சோர்ந்து துவண்டால் பிரிட்டன் கொடுத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். பிரிட்டன் தடிப்பைக் குறைக்கும், மூச்சுக்குழாயைத் திறக்காது. அந்த நேரத்து மருந்து அட்ரினலின் ஊசி, அது இருப்பது வைத்தியசாலையில். 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்பியூலன்ஸ் இலவசம். அது வரும் வரை பிள்ளையைப் படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சு முட்டினால் சாய்ந்து உட்காரட்டும், எழும்பி நடக்க விட வேண்டாம். ஊசி போட்டு நன்றாகிவிட்டாலும் சில மணித்தியாலம் கழித்துத் திரும்பவும் வரலாம். ஆகவே வார்டில் நிற்கச் சொன்னால் நில்லுங்கள், கையெழுத்துப் போட்டு வீட்டுக்குக் கூட்டிவர வேண்டாம்.

சோதனைகளைப் பற்றியும் ஒரு சொல். ஒரே இரத்தத்தில் ஐம்பது உணவுக்குச் சோதனை என்று பெருந்தொகை கட்டி எடுத்த அறிக்கையைச் சிலர் எங்களிடமும் காட்டுகிறார்கள். அதில் ஓர் உணவுக்குப் பொசிட்டிவ் என்றால் உடம்புக்கு அந்த உணவை அடையாளம் தெரியும் என்றுதான் அர்த்தம். சாப்பிட்டால் பிரச்சினை வரும் என்று கட்டாயமில்லை. இவ்வளவு நாளும் பிரச்சினையின்றித் தின்ற உணவை அந்தக் காகிதத்துக்காக நிறுத்த வேண்டாம். முதலில் அரசாங்க வைத்தியசாலையில் பிள்ளை வைத்தியரைப் பாருங்கள். தேவை என்று கண்டால் தோல் வைத்தியரிடமோ, கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்துக்கோ அவரே கடிதம் தருவார். போகும்போது பிள்ளை என்ன தின்றது, எத்தனை நிமிடத்தில் என்ன நடந்தது என்று எழுதிய துண்டையும், தடித்த நேரத்தில் போனில் எடுத்த படத்தையும் கொண்டு போங்கள். வைத்தியருக்கு அறிக்கையை விட அது உதவும்.

கடைசியாகப் பாடசாலை. ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளுக்குப் போஷாக்கு உணவு கொடுக்கும்போது முட்டையும் நெத்தலியும் வரும். பிறந்தநாளுக்குக் கேக்கும் டொஃபியும் வரும். பிள்ளைகள் பெட்டியை மாற்றிச் சாப்பிடுவார்கள், நாங்கள் நாற்பது பேரைப் பார்த்துக்கொண்டு நிற்போம். பிள்ளைக்கு என்ன ஒத்துக்கொள்ளாது என்பதை மறைத்து அனுப்பினால் எங்களால் காப்பாற்ற முடியாது. எல்லாமே கிரந்தி என்று சொல்லி அனுப்பினாலும் முடியாது. எது உண்மை என்று அப்போது எங்களுக்குத் தெரியாது. வருகிற பெற்றார் கூட்டத்துக்கு வரும்போது ஒரு துண்டில் பிள்ளையின் பெயர், வைத்தியர் உறுதிப்படுத்திய உணவு, தின்றால் என்ன நடக்கும், உடனே எடுக்க வேண்டிய இரண்டு தொலைபேசி இலக்கங்கள் எழுதி வகுப்பாசிரியரின் கையில் தாருங்கள். கரப்பன் உள்ள பிள்ளையின் பையில் பெயர் எழுதிய சின்னப் பூச்சுப் போத்தல் ஒன்றும் வையுங்கள். இடைவேளையில் பூச நாங்கள் ஞாபகப்படுத்துவோம், இன்ஷா அல்லாஹ்.